குவாங்சோ மெட்ரோ: கேண்டன் ஃபேர் போகிற டெல்டா வியாபாரிக்கு

சீனாவின் குவாங்சோவில் நடக்கிற பெரிய வணிகக் கண்காட்சிதான் கேண்டன் ஃபேர். அதற்காக அங்கே லாட்ஜ் போடும்போது ஃபேர் மைதானத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதுதான் நம் ஆட்களின் வழக்கம். அந்தக் கணக்கு அந்த ஊரில் செல்லாது. எந்த மெட்ரோ லைனில் இருக்கிறது என்று பாருங்கள். 3-ஆம் லைனில் ஆறு கிலோமீட்டர் தள்ளி ரூம் எடுப்பதைவிட, 8-ஆம் லைனில் பத்து கிலோமீட்டர் தள்ளி எடுப்பது எவ்வளவோ மேல். காரணத்தைக் கீழே விவரமாகப் பார்க்கலாம்.

முதலில் விலை, ஏனென்றால் பாராட்ட வேண்டியது அதைத்தான். முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான். அதற்கு மேல் 12 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு நாலு கிலோமீட்டருக்கும் ஒரு யுவான் கூடும். 12-லிருந்து 24 வரை ஆறு கிலோமீட்டருக்கு ஒரு யுவான், அதையும் தாண்டினால் எட்டு கிலோமீட்டருக்கு ஒரு யுவான். தூரம் போகப்போக விலை ஏறுவது குறைகிறது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை உள்ள தூரம், அதாவது சுமார் 40 கிலோமீட்டர், அங்கே போனால் 8 யுவான். ஒரு யுவான் 12, 13 ரூபாய் என்று வைத்தால் நூறு ரூபாய்வாக்கில் முடிந்துவிடும், ஏசியோடு. விமான நிலையத்திலிருந்து ஃபேர் மைதானம் இருக்கிற பாஜோவுக்கு 10 யுவானுக்குள்தான் ஆகும். டாக்சியில் போனால் நூறு யுவானைத் தாண்டும், டிரைவரிடம் சில்லறையும் இருக்காது.

இனி பணம் கட்டுகிற விஷயம். இந்தியாவிலிருந்து போகிறவருக்குக் கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளூர்க்காரர்கள் போனை நீட்டி கேட்டைத் தாண்டிவிடுவார்கள். அவர்கள் பணம் கட்டுவது வீசாட், அலிபே என்ற சீனச் செயலிகளில். வீசாட் 2020-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. நம் ஜிபே, போன்பே அங்கே வேலை செய்யாது. ஆகவே 'சீனாவில் யாரும் ரொக்கம் தொடுவதில்லை, எல்லாம் போனில்தான்' என்று யாராவது சொன்னால் அது உண்மைதான், ஆனால் அந்த உண்மை நமக்கு உதவாது. ரொக்கத்தை வாங்க மறுப்பது அந்த நாட்டுச் சட்டப்படி தவறு. கடைகளில் வாங்கத்தான் செய்வார்கள், சில்லறைக்குத்தான் திண்டாடுவார்கள். மெட்ரோ மிஷினில் அந்தத் திண்டாட்டமும் இல்லை. 5, 10 யுவான் நோட்டும் ஒரு யுவான் காசும் இருந்தால் போதும். 100 யுவான் நோட்டை மட்டும் மிஷின் தொடாது. நாணய மாற்றுக் கடையில் வாங்கும்போதே முழுக்க நூறாக வாங்காமல் பத்தும் ஐந்துமாக ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள். மறந்துவிட்டால் ஸ்டேஷன் கவுன்டரில் நூறைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், காலை வரிசையில் பத்து நிமிஷம் போகும், அவ்வளவுதான்.

டிக்கெட் என்பது காகிதம் கிடையாது, வட்டமான பிளாஸ்டிக் காயின். சென்னை மெட்ரோவில் ஆரம்பத்தில் டோக்கன் கொடுத்தார்களே, அந்த மாதிரி. மிஷின் திரையில் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு லைன் எண்ணைத் தொட்டால் அந்த லைனின் ஸ்டேஷன்கள் விரியும். இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தொட்டு, எத்தனை பேர் என்று அழுத்தினால் தொகை வரும். நோட்டைச் சுருக்கமில்லாமல் நீவி உள்ளே விடவும், வேட்டி மடிப்பில் கசங்கிய நோட்டு திரும்பித் திரும்பி வெளியே வரும். காயினும் மீதிச் சில்லறையும் கீழே தட்டில் விழும். காயினை எடுத்துக்கொண்டு சில்லறையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய, குனிந்து கையை விட்டுத் துழாவிவிட்டுப் போங்கள்.

உள்ளே நுழையும்போது காயினை கேட்டின் மேல் காட்ட வேண்டும், வெளியே வரும்போது துளையில் போட வேண்டும். நுழையும்போதே துளையைத் தேடுவதும் வெளியே வரும்போது மேலே தேய்த்துக்கொண்டு நிற்பதும்தான் புதிதாகப் போகிறவர்கள் செய்கிற தப்பு. ஆளுக்கு ஒரு காயின், ஒன்றை வைத்து இரண்டு பேர் நுழைய முடியாது. தொலைத்துவிட்டால் கவுன்டரில் பணம் கட்டித்தான் வெளியே வர வேண்டும், ஆகவே சட்டைப் பையில் மற்றச் சில்லறையோடு கலக்காமல் தனியாக வையுங்கள். நாலு நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் 'யாங்செங் தோங்' என்ற கார்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்வது நல்லது. பஸ்ஸிலும் செல்லும். ஒவ்வொரு தடவையும் மிஷின் முன்னால் நிற்கிற வேலை மிச்சம்.

சரி, 3-ஆம் லைன். விமான நிலையத்தை ஊரோடு இணைப்பது இதுதான். 1-ஆம் டெர்மினலுக்கு ஏர்போர்ட் சவுத், 2-ஆம் டெர்மினலுக்கு ஏர்போர்ட் நார்த் ஸ்டேஷன். அங்கிருந்து தெற்கே வந்து தியூ சீலு என்ற ஸ்டேஷனில் இன்னொரு கிளையோடு சேரும். படத்தில் பார்த்தால் ஆங்கில ஒய் எழுத்து போல இருக்கும். விமான நிலைய ரயில்களில் பெரும்பாலானவை தியூ சீலுவோடு நின்றுவிடும். அதே 3-ஆம் லைன்தானே என்று உட்கார்ந்திருந்தால் எல்லாரும் இறங்கிப் போய், நீங்களும் பெட்டியும் மட்டும் மீதி இருப்பீர்கள். அங்கே மாறி இன்னொரு 3-ஆம் லைன் ரயிலில் ஏறி, கேண்டன் டவர் தாண்டி கெட்சுன் ஸ்டேஷனில் இறங்கி, 8-ஆம் லைனுக்கு மாற வேண்டும். கெட்சுனிலிருந்து நாலாவது நிறுத்தம் பாஜோ.

ஊரிலேயே நெரிசலுக்குப் பேர் போன லைன் இதுதான். காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 2005 கடைசியில் திறந்தபோது மூன்றே மூன்று பெட்டிகளோடு ஓட ஆரம்பித்தது, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் புறநகரை இணைக்கிற லைன் என்று நினைத்துத் திட்டம் போட்டிருந்தார்கள். பிறகு 2010-ல் ஆறு பெட்டிகளாக ஆக்கினார்கள். ஆனால் பெட்டியின் அகலம் 2.8 மீட்டர்தான். 1, 2, 8-ஆம் லைன்களில் ஓடுவது 3 மீட்டர் அகலப் பெட்டி. இருபது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், நிற்கிற வரிசையில் ஒரு ஆள் இடம் அது. சுரங்கத்தையும் பிளாட்பாரத்தையும் கட்டிய பிறகு பெட்டியை அகலமாக்க வழியில்லை. நடுவில் அந்த லைன் போகிற தியான்ஹே, ஜூஜியாங் நியூ டவுன் பகுதியெல்லாம் கண்ணாடிக் கட்டடங்களாக வளர்ந்துவிட்டது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை தியூ சீலுவில் பெட்டியோடு மாறுவது என்பது, தீபாவளிக்கு முந்தின நாள் திருச்சி பஸ் ஸ்டாண்டில் கட்டைப் பையோடு கும்பகோணம் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி. துண்டு போட்டு இடம் பிடிக்கிற வித்தை மட்டும் அங்கே கிடையாது. பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கதவு, தரையில் கோடு, கோட்டுக்குப் பின்னால் வரிசை.

தப்பிக்க வழி உண்டு, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வழி. விமான நிலையத்திலிருந்து வரும்போது தியூ சீலு வரை போகாமல் ஜியாஹே வாங்காங் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுங்கள். 2-ஆம் லைன் அங்கேதான் புறப்படுகிறது. காலி ரயில் வந்து நிற்கும், பெட்டியைக் காலிடுக்கில் வைத்து உட்கார்ந்துவிடலாம். சாங்காங் வரை போய் 8-ஆம் லைனுக்கு மாறினால் நேரே பாஜோ. சில நிமிஷம் கூடுதலாகும். காயின் போகிற இடத்துக்குத்தான், எந்த வழியாகப் போனோம் என்பது அதற்குத் தெரியாது. மலேசியா வழியாக ராத்திரித் தூக்கமில்லாமல் திருச்சியிலிருந்து போய்ச் சேருகிறவருக்கு அந்த சீட்டு பெரிய விஷயம்.

2024 டிசம்பர் 28 அன்று 11-ஆம் லைன் திறந்த பிறகு இன்னொரு வசதி வந்திருக்கிறது. அது ஊரைச் சுற்றி வட்டமாக ஓடுகிற லைன், 44 கிலோமீட்டர் சொச்சம். குவாங்சோ ரயில் நிலையம், கிழக்கு ரயில் நிலையம், பாஜோ மூன்றையும் தொடுகிறது. முன்பெல்லாம் கிழக்கு ரயில் நிலையத்துப் பக்கம் தங்கியவர்கள் 3-ஆம் லைனில் நசுங்கித்தான் ஃபேருக்குப் போக வேண்டும், இப்போது தேவையில்லை. வட்ட லைனில் ஒரு கவனம்: ரயில் இரண்டு பக்கமும் ஓடும், தப்பான பக்கம் ஏறினாலும் போய்ச் சேருவீர்கள், ஊரைச் சுற்றிவிட்டு.

ரூம் எங்கே எடுக்கலாம் என்றால், 8-ஆம் லைனில் சுன் யாட் சென் யுனிவர்சிட்டி, லூஜியாங் ஸ்டேஷன்களைச் சுற்றி. துணிச் சந்தையும் அங்கேதான் இருக்கிறது, சோங்தா துணிச் சந்தை. ஜவுளிக்காரர்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பாஜோவிலேயே ஃபேர் சமயத்தில் ரூம் வாடகை எகிறிவிடும், அதைக் கொடுக்கத் தேவையில்லை. ஷியாவ்பெய் பக்கம் ஆப்பிரிக்க, அரபு வியாபாரிகள் அதிகம், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும் என்பதற்காக நம் ஆட்கள் அங்கே போவார்கள். சாப்பாட்டுக்குச் சரி. ஆனால் அது 5-ஆம் லைன், தினமும் மாறி மாறிப் போக வேண்டும். சாயங்காலம் ஒரு நடை போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதே உத்தமம்.

ஃபேரின் கட்டங்களையும் நம் ஊர்க் காலண்டரையும் பொருத்திப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. 1957 வசந்தத்தில் தொடங்கிய ஃபேர் இது, வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து ஐந்து நாளாக மூன்று கட்டம். ஏப்ரல் 15 முதல் 19 வரை மிஷின், மோட்டார், விவசாயக் கருவி, எல்.இ.டி. விளக்கு, இரும்புச் சாமான். 23 முதல் 27 வரை பாத்திரம், வீட்டுச் சாமான், பரிசுப் பொருள், மரச்சாமான், கட்டுமானப் பொருள். மே 1 முதல் 5 வரை துணி, பொம்மை, ஸ்டேஷனரி. அக்டோபரிலும் இதே வரிசை: 15 முதல் 19, 23 முதல் 27, அக்டோபர் 31 முதல் நவம்பர் 4. பாத்திரக்கடைக்காரருக்கு அக்டோபர் கட்டம் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி வந்து தொலைக்கும், கடையை விட்டு நகர முடியாது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, துணிக் கட்டம் முடிந்து நாலே நாளில். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து, மேட்டூர் திறப்பதற்கு முன்னால் இருக்கிற சித்திரைதான் டெல்டாக்காரர்களுக்கு வாகான காலம். மழைக்கு மட்டும் தயாராகப் போங்கள், அந்த ஊரில் ஏப்ரல், மே மழைக்காலம். நெல் விளைகிற ஆற்றுப் படுகைதான் அதுவும், புழுக்கம் நமக்குப் புதிதாக இருக்காது.

மைதானம் காலை ஒன்பதரைக்குத் திறந்து ஆறு மணிக்கு மூடும். போக வேண்டிய அரங்கு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். ஏ பகுதி என்றால் ஷின்காங் தோங் ஸ்டேஷன், பி, சி பகுதிகளுக்கு அடுத்த ஸ்டேஷனான பாஜோ. மாறி இறங்கினால் உள்ளேயே நடந்து போகலாம்தான், ஆனால் ஒரு ஊர் தாண்டுகிற நடை அது. ஸ்டேஷன் வாசல்களுக்கும் எழுத்து உண்டு. இந்த நகரத்தில் முகவரி கேட்டால் தெருப் பெயரைவிட 'இன்ன ஸ்டேஷன், பி வாசல்' என்பதே உதவும். தப்பான வாசலில் ஏறிவிட்டால் எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள், குறுக்கே போக முடியாது. சப்ளையரிடம் விசிட்டிங் கார்டு வாங்கும்போதே ஸ்டேஷன் பெயரையும் வாசல் எழுத்தையும் அதன் பின்னால் எழுதச் சொல்லுங்கள், சீன எழுத்திலும் சேர்த்து.

கூகுள் மேப்பை நம்ப வேண்டாம். நம் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்கும், லாட்ஜ் வைஃபையில் திறக்காது. திறந்தாலும் சீனாவின் வரைபடங்கள் இடத்தைக் குறிக்க வேறு கணக்கு முறையில் வரையப்பட்டவை என்பதால், நீங்கள் நிற்கிற புள்ளி சில நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஆற்றின் நடுவில் நிற்பதாகக் கூடக் காட்டும். ஐபோன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆப்பிள் மேப் அங்கே உள்ளூர் வரைபடத்தையே எடுத்துக்கொள்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மைதானம் மூடியதும் பாஜோ ஸ்டேஷனில் கூட்டம் வாசலுக்கு வெளியே நிற்கும். மேற்கே போகிற ரயிலுக்குக் காத்திருக்காமல், எதிர்ப்பக்க ரயிலில் ஏறி ஒரே நிறுத்தம் தள்ளிக் கடைசி ஸ்டேஷனான வான்ஷெங்வெய் போய், அங்கே புறப்படுகிற ரயிலில் உட்கார்ந்து திரும்பி வருவது புத்திசாலித்தனம். ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறி சீட்டுப் பிடிப்போமே, அதே தந்திரம்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை எக்ஸ்ரே மிஷினில் விட வேண்டும். கேட்லாக் எத்தனை கிலோ என்றாலும் பிரச்சினை இல்லை. சாம்பிள்தான் பிரச்சினை. சமையலறைச் சாமான் சப்ளையர் ஒரு கத்தி செட்டையோ காய் நறுக்கிப் பிளேடையோ அன்பளிப்பாகக் கொடுத்தால் அதை மெட்ரோவில் கொண்டுபோக முடியாது, வாங்கி வைத்துக்கொள்வார்கள். லாட்ஜுக்குக் கூரியரில் அனுப்பச் சொல்லிவிடுங்கள், தயங்காமல் செய்வார்கள். எரியக்கூடிய ஸ்ப்ரே, பெயின்ட், தின்னர் இவையும் அப்படியே. தண்ணீர் பாட்டில் இருந்தால் சில சமயம் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்வார்கள். பவர் பேங்க் மெட்ரோவில் தடையில்லை. ஆனால் அங்கிருந்து வேறு சீன நகரத்துக்கு உள்நாட்டு விமானத்தில் போவதாக இருந்தால் கவனம்: 2025 ஜூன் 28 முதல், 3சி என்ற சீனத் தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை. நம் ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை இருப்பது அபூர்வம். அரிசி ஆலைக்குக் கலர் சார்ட்டர், அதாவது நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மிஷின், பார்க்க ஹெஃபெய் வரை போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். ரயிலில் போனால் இந்தக் கவலை இல்லை.

ஃபேருக்கு வெளியே சரக்குப் பார்க்கவும் மெட்ரோ எட்டுகிறது. பொம்மை, ஸ்டேஷனரிக்கு 6-ஆம் லைனில் யீதே லு. தோல் பைக்கு 2-ஆம் லைனில் சான்யுவான்லி. ரெடிமேடுக்கு ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே. டைல்ஸ் பார்க்கிறவர்கள் ஃபோஷான் போக வேண்டும். 2010 நவம்பரில் திறந்த குவாங்ஃபோ லைன் அதற்கென்றே இருக்கிறது. இரண்டு நகரங்களைச் சேர்க்கிற மெட்ரோ லைன் சீனாவில் அதுதான் முதல். விளக்குக் கடைக்காரர்கள் தேடுகிற குஜென் மட்டும் ஜோங்ஷானில் இருக்கிறது, மெட்ரோ போகாது. அங்கே சப்ளையரையே வண்டி அனுப்பச் சொல்லிவிடுவதுதான் நடைமுறை.

ஊர் பார்க்க ஒரு சாயங்காலம் மிஞ்சினால் ஏ.பி.எம். லைன். டிரைவர் இல்லாத சின்ன ரயில், 2010 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திறந்தது, நாலு கிலோமீட்டர்கூட இல்லை, எங்கே இறங்கினாலும் 2 யுவான். கடைசி நிறுத்தம் 600 மீட்டர் உயரமுள்ள கேண்டன் டவர். மேலே ஏறுவதற்குக் கட்டணம் அதிகம். ஆற்றுக்கு எதிர்க்கரையில் நின்று விளக்கு போட்ட பிறகு பார்ப்பது இலவசம், பார்க்கவும் அதுவே நன்றாக இருக்கிறது. நாகப்பட்டினத்தில் சீனர்களுக்காக எழுந்த கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். கடல் வழியாக இந்த இரண்டு கரைக்கும் போக்குவரத்து இருந்ததற்கு அது சாட்சி. நம் சரக்குப் பயணமும் புதிதல்ல.

சைவக்காரர்களுக்கு ஒரே வரி: 'வோ ச்சு சூ' என்று சொன்னால் நான் சைவம் என்று அர்த்தம். சொன்னாலும் கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கிவிடுகிற கடைகள் உண்டு. புத்தக் கோயில்களை ஒட்டிய சைவ ஓட்டல்களே நிம்மதி. ஸ்டேஷன் கழிப்பறைகள் சுத்தம், பேப்பர் இருக்குமென்று நம்பிப் போக வேண்டாம், பையில் ஒரு பாக்கெட் வையுங்கள்.

அறிவிப்புகளில் மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் மூன்றும் வரும். கதவுக்கு மேலே இருக்கிற பட்டையில் அடுத்த ஸ்டேஷன் மினுக்கும், எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்பதும் தெரியும். ரயில் காலை ஆறு மணிவாக்கில் தொடங்கி ராத்திரி பதினொன்று வரை ஓடுகிறது. விடியற்காலை விமானம் பிடிப்பவர்களுக்கு இது உதவாது. முந்தின ராத்திரியே விமான நிலையம் போய்விட வேண்டும், இல்லை டாக்சிதான். திரும்பும் நாளில் கையில் சேர்ந்திருக்கிற ஒரு யுவான் காசுகளைச் செலவழித்துவிடவேண்டாம். நம் ஊர் நாணய மாற்றுக் கடைகளில் நோட்டைத்தான் வாங்குவார்கள், காசைத் தொடமாட்டார்கள். பத்துக் காசை ஒதுக்கி வைத்தால் விமான நிலையத்துக்கான கடைசிக் காயினை அதிலேயே வாங்கிக்கொள்ளலாம்.